எவர்சில்வர் ராக்கெட்டும் ஆறு மா நிலமும்

அண்ணே, வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை மன்னார்குடியிலிருந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தீர்களே, அன்றைக்கு மஞ்சப்பையிலிருந்து ஒரு கல்லூரியின் ஏரோஸ்பேஸ் (விண்வெளிப் பொறியியல்) படிப்பு நோட்டீஸை எடுத்து மேசையில் வைத்தீர்கள். அதற்கடியில் ஒரு சிட்டா நகலும் எட்டிப் பார்த்தது. சட்டென்று உள்ளே தள்ளிவிட்டீர்கள். பாப்பா முன்னால் பேச வேண்டாமே என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்: பாப்பாவின் படிப்புக்காக அந்த ஆறு மா நிலத்தில் கை வைக்காதீர்கள்.

பொதுத்தேர்வே இன்னும் எழுதவில்லை. அதற்குள், கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்ட பணம் பாங்கியில் ஏறிய வாரமாகப் பார்த்து கல்லூரி ஏஜென்ட் வீட்டுக்கு வந்து முன்பணம் கேட்கிறார் என்றால், அவர் கணக்கு உங்களுக்கே புரியும். நோட்டீஸ் அட்டையில் இருந்தது அமெரிக்க ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஸ்டார்ஷிப் ராக்கெட். அந்தக் கல்லூரிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பாப்பாவின் ஆசையில் எனக்குக் குறையில்லை. 2024 அக்டோபர் 13 அன்று அந்த ராக்கெட்டின் கீழ்ப்பாகம் திரும்பி வந்து, ஏவுகோபுரத்தின் இரண்டு இரும்புக் கைகளுக்குள் அடங்கியதை செல்போனில் போட்டுக் காட்டினாள். “சினிமாவா?” என்று கேட்டீர்கள். “நெசம்பா” என்றாள். மனிதர்களை ஏற்றிப் போய், திரும்பி வந்து, அதே கலம் மறுபடியும் கிளம்ப வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். மேலே போவதைவிடத் திரும்புவதுதான் பாடு. சுற்றுப்பாதையில் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகம். அதே வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது முன்னாலிருக்கும் காற்று நசுங்கிக் கொதிக்கும். அறுகோண ஓடுகள் ஆயிரக்கணக்கில் ஒட்டித்தான் உடம்பைக் காப்பாற்றுகிறார்கள். அந்த உடம்பு எதனால் ஆனது தெரியுமா? முதலில் கார்பன் ஃபைபர் என்று திட்டம் போட்டார்கள். விலை அதிகம், வேலையும் இழுத்தது. கடைசியில் எவர்சில்வருக்கு வந்தார்கள். நம் வீட்டுக் குடம், டிபன் கேரியரின் பங்காளிதான். கடுங்குளிரில் அது இன்னும் உறுதியாகும். திரவ ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரியில் அடைத்து வைக்க அந்தக் குணம் தோதாக இருக்கிறது. ஒன்பது மீட்டர் அகல வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெல்டிங் செய்கிறார்கள். ஓரிடத்தில் பற்றவைப்பு விட்டுப்போனால் எல்லாம் போச்சு.

இந்த வேலைக்கு மெக்கானிக்கல், உலோகவியல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்கள்தான் கூட்டமாக வேண்டும். ‘ஏரோஸ்பேஸ்’ என்று பட்டத்தில் அச்சடித்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்பதில்லை. இஸ்ரோ விஞ்ஞானிப் பணிக்கு விளம்பரம் போட்டால் பெரும்பாலும் கேட்பது எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ். ஏஜென்ட் கலாம் பெயரைச் சொல்லியிருப்பார், சொல்லாமல் விடமாட்டார்கள். கலாம் முதலில் படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல். அதன் பிறகுதான் குரோம்பேட்டை எம்ஐடியில் விமானப் பொறியியல்.

இந்தப் பாடம் நான் சும்மா கற்றதல்ல. பல வருஷம் முன்னால் ஒரு பையனை, பெயரில் மயங்கி, ஆய்வகமே ஒழுங்காக இல்லாத ஒரு கல்லூரியில் ஏரோநாட்டிகல் சேரச் சொன்னேன். இன்று மருந்துக் கம்பெனி ரெப். பார்த்தால் இன்னமும் வணக்கம் வைக்கிறான், எனக்குத்தான் முகம் கொடுக்க முடிவதில்லை.

இன்னொன்று, பாப்பாவுக்கே தெரியாதது. ராக்கெட் தொழில்நுட்பத்தை அமெரிக்கச் சட்டம் ஆயுதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது. அதனால் அந்தக் கம்பெனிகள் பெரும்பாலான வேலைகளுக்கு அந்நாட்டுக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன. இங்கிருந்து நேரே போய்ச் சேர்வது நடக்கிற காரியமில்லை. தனியார் பணத்தில் ஓடும் கனவு பாதியில் நிற்பதும் உண்டு. எக்ஸ்கோர் என்ற கம்பெனி லிங்க்ஸ் என்று இரண்டு பேர் உட்காரும் விண்விமானம் செய்யத் தொடங்கியது. டிக்கெட்கூட விற்றார்கள். அது ஒருமுறையும் பறக்கவில்லை, 2017 நவம்பரில் கம்பெனி திவால். குறுவைக்கு மேட்டூரை மட்டும் நம்புகிற ஆளா நீங்கள்? போர்வெல் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதைப் போலத்தான் அடிப்படைப் படிப்பும்.

நம் ஊரிலும் வேலை வளர்கிறது. சென்னையின் அக்னிகுல் கம்பெனி, ஒரே துண்டாக 3டி அச்சில் எடுத்த எஞ்சினை வைத்து 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட் விட்டது. அது செயற்கைக்கோளுக்கானது, ஆள் ஏற்றும் கலம் என்றால் இங்கே இஸ்ரோவின் ககன்யான்தான்.

ஆக, பாப்பா ஏப்ரல் ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வை நன்றாக எழுதட்டும். திருச்சி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. உலோகவியல் (மெட்டலர்ஜி) கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். பெல் ஆலையின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அதே ஊரில் இருக்கிறது. கிடைக்காவிட்டால் தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங். அவள் ஆறாவதிலிருந்து உங்கள் ஊர் அரசுப் பள்ளிதானே? அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவாள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். ஏஜென்ட் இதை மூச்சு விட்டிருக்க மாட்டார்.

அடுத்த வாரம் வரும்போது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் வாங்கி வாருங்கள். சிட்டா வேண்டாம்.