பருவுக்குக் கேப்ஸ்யூல் சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே ஒரே மருந்தைப் பற்றியவை: ஐசோட்ரெட்டினோயின். வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி பெற்றது. கட்டி கட்டியாக வந்து தழும்பு விட்டுப்போகும் பருக்களுக்கு இன்றும் இதற்கு இணை கிடையாது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது.

டாக்டர், மூன்று மாதமாக 20 மி.கி. கேப்ஸ்யூல் சாப்பிடுகிறேன். தை மாதம் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் நிறுத்தினால் போதுமா? – வாசகி, பெரம்பூர்

போதாது. இந்த மருந்து சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தையின் காது, முகம், மூளை, இதயம் இவற்றில் கடுமையான குறைபாடு வரலாம். கரு கலையவும் கூடும். "குறைந்த டோஸ்தானே, சில நாள்தானே" என்ற சமாதானம் இங்கே செல்லாது. கடைசி கேப்ஸ்யூலுக்குப் பிறகு முழுதாக ஒரு மாதம் கழியும்வரை கருத்தரிக்கக் கூடாது.

மார்கழி பிறப்பதற்குள் கோர்ஸை முடிக்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். முடியாதென்றால் கல்யாணத்துக்குப் பிறகு நம்பகமான கருத்தடை கட்டாயம். மாப்பிள்ளைக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மாதவிலக்கு நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே மருந்தை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

மருந்தைத் தொடங்கும் முன்பும், பிறகு மாதாமாதமும் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. கல்யாணமாகாத பெண்ணிடம் இதைப் பேச நம் ஊரில் டாக்டர்களே கூசுகிறார்கள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார். நான் அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிடுவேன். அவர் முறைப்பார், பரவாயில்லை.

அந்த ஒரு மாதம் கடந்துவிட்டால், பிறகு உண்டாகும் குழந்தைக்கு இந்த மருந்தால் ஆபத்தில்லை. பியூட்டி பார்லரில் மட்டும் ஜாக்கிரதை: மருந்து சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஆறு மாதம்வரையும் வேக்ஸிங் வேண்டாம். மெழுகோடு தோலும் உரிந்து வரும். மருதாணிக்குத் தடையில்லை.

ரூம்மேட்டுக்கு இந்த மருந்து நன்றாகக் கேட்டது. மீதி கேப்ஸ்யூல் இருக்கிறது. நான் ஏற்கெனவே பருவுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறேன். சேர்த்து எடுக்கலாமா? – வாசகர், வேளச்சேரி

கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும் அபாயம் உண்டு. விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று தொடங்கும். கண் பார்வையையே பாதிக்கலாம்.

டோஸ் உங்கள் உடல் எடையைப் பார்த்து முடிவாவது. அதற்கு முன் ரத்தத்தில் கொழுப்பு, குறிப்பாக ட்ரைகிளிசரைடு, கல்லீரல் நிலை இரண்டையும் பார்க்க வேண்டும்; இடையிலும் ஒருமுறை பார்ப்போம். ரூம்மேட்டின் ரிப்போர்ட் உங்களுக்கு உதவாது. செலவுதான் யோசனை என்றால் சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் பிரிவு இருக்கிறது.

பையனுக்கு 17 வயது. மருந்து ஆரம்பித்ததும் பரு அதிகமாகிவிட்டது, உதடு வெடிக்கிறது. சத்துக்காக ஈரலும் மீன் எண்ணெய் மாத்திரையும் கொடுக்கிறேன். – ஒரு தாய், குரோம்பேட்டை

முதல் சில வாரம் பரு கூடுவது சிலருக்கு நடப்பதுதான். மிக மோசமானால் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். உதடு காய்வது அநேகமாக எல்லோருக்கும் உண்டு. பெட்ரோலியம் ஜெல்லி பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

ஆட்டு ஈரலையும் காட் லிவர் (காட் மீனின் ஈரல்) எண்ணெய் மாத்திரையையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். இரண்டிலும் வைட்டமின் ஏ மிக அதிகம். மருந்தோடு சேர்ந்தால் நஞ்சாகும். காரட், கீரை சாப்பிடலாம், அவற்றில் உள்ள சத்தை உடல் தேவைக்கு ஏற்பத்தான் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். கேப்ஸ்யூலை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ உள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் சரியாக உடலில் சேரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பையன் திடீரென்று யாரோடும் பேசாமல் ஒதுங்குகிறானா, தூக்கம் கெடுகிறதா, வாழ்க்கை வெறுத்ததுபோல் பேசுகிறானா? மருந்தால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கடுமையான பருவே மனதை வாட்டும். ஆனாலும் அப்படி ஏதாவது தெரிந்தால் அடுத்த விசிட்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் இது முதலில் தெரியும்.

நைட் ஷிப்ட், பைக்கில் வீடு திரும்புவேன். கான்டாக்ட் லென்ஸ் உறுத்துகிறது. வார இறுதியில் பீர் உண்டு. – வாசகர், சோழிங்கநல்லூர்

கண் வறட்சி இந்த மருந்தின் வேலை. ஆபீஸ் ஏசி அதைக் கூட்டும். கோர்ஸ் முடியும்வரை கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். சிலருக்கு இருட்டில் பார்வை குறையும், அதுவும் திடீரென்று. அப்படித் தோன்றினால் ஓ.எம்.ஆரில் இரவு வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் போடுங்கள். ஹெல்மெட் மட்டும் போதாது. பீர் வேண்டாம், கல்லீரலுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்திருக்கிறோம்.

காலேஜில் ரத்ததான முகாம். நான் ஆண்தானே, கொடுக்கலாமா? – வாசகர், தாம்பரம்

இப்போது வேண்டாம். உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். கடைசி கேப்ஸ்யூல் முடிந்து ஒரு மாதம் கழித்துக் கொடுங்கள்.