தாத்தா மாட்டிய மான் கொம்பை வீட்டோடு விற்கலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீட்டு முகப்பில், தாத்தா காலத்து மான் தலை ஒன்று கொம்போடு மாட்டியிருக்கிறது. போன வருடம் அப்பா காலமானார். இப்போது வீட்டை விற்கப்போகிறோம். வாங்குகிறவர் கொம்பும் வேண்டும் என்கிறார். ‘காட்டில் உதிர்ந்து கிடந்ததாக எழுதி வனத்துறைச் சான்று வாங்கித் தருகிறேன், இருபதாயிரம் ஆகும்’ என்கிறார் ஒரு தரகர். செய்யலாமா? (படம் இணைத்துள்ளேன்.)

பதில்: முதல் வேலையாக அந்தத் தரகரின் எண்ணை அழித்துவிடுங்கள்.

படத்தில் இருக்கும் கொம்பு கிளை பிரியவில்லை. முறுக்கிக்கொண்டு, வளையம் வளையமாக மேலே போகிறது. விரலால் தடவினால் ஒவ்வொரு வளையமும் தட்டுப்படும். அது வெளிமான். கிளைத்த கொம்பு புள்ளிமான், கடமான் போன்றவற்றுக்குத்தான்; அவை ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். வெளிமானுக்கு மாட்டுக்கு இருப்பது மாதிரி உள்ளே எலும்பு, மேலே உறை. உயிரோடு இருக்கும்வரை உதிராது. அதுவும் உங்கள் வீட்டில் இருப்பது தலையோடு சேர்ந்த கொம்பு. தலை எப்படி ஐயா உதிரும்? கையெழுத்துப் போட்டீர்களானால், பொய் வாக்குமூலத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகும். வழக்கு வரும் அன்றைக்குத் தரகர் ஊரில் இருக்கமாட்டார். நிஜமாகவே காட்டில் உதிர்ந்த புள்ளிமான் கொம்பானாலும் அது அரசுச் சொத்து, எடுத்தவருக்குச் சொந்தமில்லை.

வெளிமான் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள விலங்குகளின் பட்டியலில், இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பொருள் உங்களிடம் இருப்பது உறுதியானால், முறையாக வந்தது என்று காட்டவேண்டிய பொறுப்பும் உங்களுடையதே. ‘தாத்தா காலத்தில் வேட்டைக்குத் தடையில்லை’ என்ற பேச்சு மட்டும் போதாது, காகிதம் வேண்டும். சட்டம் வந்ததும், இப்படிப்பட்ட பொருள் வைத்திருப்பவர்களை 30 நாளுக்குள் வனத்துறைக்கு அறிவிக்கச் சொன்னார்கள். 2003இல் இன்னொரு முறை 180 நாள் கொடுத்தார்கள். அரசிதழில் போட்டால் எல்லா ஊருக்கும் தெரிந்துவிடும் என்று நினைப்பு! அப்படி அறிவித்து விசாரணையும் முடிந்திருந்தால் ‘உரிமைச் சான்று’ என்ற தாள் கிடைத்திருக்கும். இரும்புப் பெட்டி, பத்திரக் கட்டு, பழைய கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் புரட்டிப் பாருங்கள்.

வாரிசு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சான்று இல்லாமல் இந்தப் பட்டியல் விலங்கின் கொம்பை யாரும் புதிதாகப் பெறக்கூடாது. விதிவிலக்கு ஒன்றே: வாரிசாக வருவது. ஆனால் வாரிசுக்கும் 90 நாள் கெடு உண்டு. அதற்குள் மாநில வனத்துறையின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுத்தில் அறிவிக்கவேண்டும். தாத்தா பெயரில் சான்று இருந்து, அப்பா அறிவிக்காமல் விட்டு, நீங்களும் விட்டிருந்தால் இரண்டு தாமதம். மறைக்காமல் இரண்டு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய சான்றின் நகல் ஆகியவற்றோடு தாமதத்துக்கான காரணத்தையும் எழுதுங்கள். ஏற்பார்களா என்பது அவர்கள் கையில். இரண்டு தலைமுறைத் தாமதத்தைச் சரிசெய்ய எளிய வழி எதுவும் சட்டத்தில் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கு அடுத்தடுத்து மரணம் வரும் என்பது ஞாபகம் இல்லை போலும்.

சரி, சான்று கிடைத்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் விற்க முடியாது. ‘வீட்டு விலையில் சேர்த்துக்கொள்வோம், தனியாகக் காசு வேண்டாம்’ என்பார் வாங்குகிறவர். அதுவும் விற்பனைதான். வைத்துக்கொள்ள விருப்பமில்லையென்றால் ஏழு வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்து அரசிடம் ஒப்படைக்கலாம், 2022 திருத்தம் அதற்கு வழி செய்திருக்கிறது. இழப்பீடு கிடையாது.

சான்றே இல்லை என்றால்? அந்தத் திருத்தம் சான்று வைத்திருப்பவருக்குத்தான். தானாக முன்வந்து கொடுக்க நினைக்கும் அப்பாவிக்கு இப்படியொரு தெளிவான வாசல் திறந்து வைக்கவில்லை. அதனால்தான் ராத்திரியோடு ராத்திரியாகக் கிணற்றில் போடுகிறார்கள், எரிக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். வனவிலங்கு வழக்குத் தெரிந்த வழக்கறிஞரைப் பார்த்து, அவர் மூலம் மாவட்ட வன அலுவலருக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு அனுப்புவது, சேர்ந்ததற்கான ஒப்புகை இரண்டும் அவசியம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்’ என்பது பதில் ஆகாது. கொம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போகவே வேண்டாம், வழியில் யாராவது மறித்தால் கடத்தல் வழக்காகிவிடும். கடிதம் போகட்டும், அவர்கள் வந்து எடுக்கட்டும். எடுக்கும்போது மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது முடியும்வரை வீட்டுக் கிரயத்தைத் தள்ளிப் போடுங்கள்.