குணமாகாது என்று தெரிந்த பிறகு அப்பாவிடம் நம்பிக்கையாக என்ன பேசுவது?

உங்கள் அப்பாவுக்கு நோய் முற்றிவிட்டது, இனி சிகிச்சையில் பலனில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார், அவரிடம் என்ன சொல்லித் தேற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

என் அப்பா பாம்பனில் நாட்டுப்படகு ஓட்டியவர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது சின்னப் பையன். ரயிலோடு சனங்களைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர், ஆயுசு முழுக்க அதே கடலுக்குத்தான் போனார். கடலில் சாவு வந்தாலும் வரும், வராமலும் போகும். சுக்கான் நம் கையில் இருக்கும். அப்பாவுக்கு வந்த கணையப் புற்றுநோயில் அது இல்லை. ராத்திரித் தூக்கமே போய்விட்டது. கேட்டதற்கு, "சாகுறதுக்கு இல்லப்பா, வலியில கத்திக்கிட்டே போகணுமோன்னுதான் பயமா இருக்கு" என்றார்.

அந்தப் பயத்துக்கு மருந்து இருக்கிறது. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், வலி வரும்வரை காத்திராமல், வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். அடிமையாகிவிடுவார் என்று சொந்தக்காரர்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கத்தான் 2014-ல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருவார்கள். நீங்களும் ராமநாதபுரம் பக்கம்தான் என்கிறீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

வலி அடங்கியதும் அப்பா என் சித்தப்பா மகனைக் கூப்பிட்டார். மீன் அடையும் பாறைகள் சில அவருக்கு மட்டும்தான் தெரியும். கோயில் கோபுரமும் டிவி கோபுரமும் எந்த இடத்தில் ஒரே நேராகத் தெரியும், அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தம்பியிடம் ஜிபிஎஸ் இருக்கிறது, இருந்தும் நோட்டில் எழுதிக்கொண்டான். தப்பாகத் திருப்பிச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். "வாடைக்காத்துல நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும்டா, நங்கூரத்த முன்னாடியே போடு!" அந்த அதட்டலைத் திரும்பக் கேட்டதில் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. நம்பிக்கையைப் பிழைப்பதோடு மட்டும் முடிச்சுப் போட்டிருந்தால் அந்த நாட்கள் எங்களுக்குக் கிடைத்தே இருக்காது.

பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூங்கினார், பசித்துக் கஞ்சி கேட்டார். உங்கள் அப்பாவுக்கும் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டியது ஏதாவது இருக்கும். இப்போதே கேளுங்கள், நோய் முற்ற முற்ற அசதி கூடி, பேச்சு குறைந்துவிடும்.