போலோ ஜிடி டிஎஸ்ஐயில் ட்ராக் டே போகிறேன், மற்ற நாளில் டெல்டா ரோட்டில் அதே வண்டிதான். சஸ்பென்ஷனில் முதலில் எதை மாற்றலாம்?

கேட்டவர் மயிலாடுதுறைக்காரர். 2016 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ, எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ட்ராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்குப் போகிறார், மற்ற நாளெல்லாம் அதுதான் வீட்டு வண்டி. வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது, வண்டி ரொம்பச் சாய்கிறது, அதனால் காயில்ஓவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) போட்டு வண்டியை நாற்பது மில்லிமீட்டர் இறக்கலாமா, கையில் ஒரு லட்சம் இருக்கிறது என்கிறார்.

இறக்காதீர்கள். காயில்ஓவரும் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஷாக் அப்சார்பர், புது புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர்), முன்பக்கத்துக்குக் கேம்பர் ப்ளேட் (சக்கரத்தின் சாய்வை மாற்ற உதவும் தகடு), ஒழுங்கான வீல் அலைன்மென்ட், இவ்வளவும் செய்துகொண்டு ஸ்ப்ரிங்கைக் கம்பெனி ஸ்ப்ரிங்காகவே விடுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் நான் கும்பகோணம், என்னிடமும் அதே வண்டிதான், நீங்கள் செய்ய நினைப்பதை 2021இல் செய்து பார்த்தவன்.

இணையத்தில் சஸ்பென்ஷன் பற்றிக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் வெளிநாட்டு ரோட்டை நினைத்து எழுதியது. நம் பக்கத்தில் ட்ராக்கை விட ட்ராக்குக்குப் போகும் வழிதான் சஸ்பென்ஷனை அதிகம் சோதிக்கும். காவிரியிலிருந்தும் வெண்ணாற்றிலிருந்தும் ஆறு ஆறாகப் பிரிந்து, அப்புறம் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குப் போகிற ஊர் இது, அதனால் ரோட்டில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு பாலம் வந்துகொண்டே இருக்கும். அடியில் இருப்பது வண்டல் களிமண். பாலம் கட்டின இடத்தில் அப்படியே நிற்கும், இரண்டு பக்கமும் ரோடு போட்ட மண் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு வாய்க்கால் பாலமும் ஒரு திமில் மாதிரி ஆகிவிடுகிறது: ஏறும்போது ஒரு இடி, உச்சியில் வண்டி பாரம் இல்லாமல் லேசாகும், இறங்கும்போது இன்னொரு இடி. இதோடு அளவே இல்லாமல் கட்டிவைத்த வேகத்தடைகள், சேற்றில் உழ மாட்டும் இரும்புக் கேஜ் வீலோடு டிராக்டர் ரோட்டில் ஏறிப் போன தடம், அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் காயும் நெல். அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது திமில் தெரிந்து பிரேக் பிடித்தால் முன்பக்கம் ஏற்கெனவே குனிந்த நிலையில்தான் அதில் ஏறும்.

எனக்கு நடந்ததும் அதுதான். ஒரு கடையில் விலை மலிவாகக் கிடைத்த காயில்ஓவர் செட் ஒன்றை வாங்கி நாற்பது மில்லிமீட்டர் இறக்கினேன். அங்கே இன்னொரு விஷயம் எனக்கு அப்போது தெரியாது. இங்கே விற்ற போலோவை நம் ரோட்டுக்காக ஐரோப்பிய போலோவை விட உயர்த்தித்தான் விற்றார்கள். காயில்ஓவர் பெட்டியில் போட்டிருக்கும் ‘இத்தனை மில்லிமீட்டர் இறங்கும்’ என்ற கணக்கு ஐரோப்பிய உயரத்திலிருந்து. நம் வண்டியில் மாட்டினால் அதைவிடக் கூடவே இறங்கும். முதல் ட்ராக் டேயில் வண்டி விறைப்பாக, நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வரும் இரவு, தஞ்சாவூர் தாண்டிப் பாபநாசம் வருவதற்குள் ஒரு வாய்க்கால் பாலத்தில் இடது முன்பக்கம் அடித்த சத்தத்தில் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான். காலையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஷாக்கின் உடம்பு முழுக்க எண்ணெய் வழிந்து, அதில் தூசி ஒட்டி, கறுப்பாக மை மாதிரி இருந்தது. ஷாக் முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் இரண்டாகப் பிளந்திருந்தது. மிச்சம் மூன்று ஷாக்கோடு சமாளிக்கலாம் என்று விட்டதில் ஐப்பசி கார்த்திகை மழையில் சேறு காயில்ஓவர் மரைக்குள் போய் இறுகி, உயரம் ஏற்றும் வளையம் அசையவே இல்லை. உயரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் அதை வாங்கினேன், அதை மட்டும் செய்ய முடியவில்லை.

திருச்சியில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், ராலி வண்டிகளில் வேலை பார்த்தவர். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, வண்டி குனிஞ்சு நிக்குது, ஆனா வளைவுல முன்னைய விட அதிகமாச் சாயும், அதைக் கவனிச்சீங்களா’ என்று கேட்டார். நான் நம்பவில்லை. கீழே படுத்து, சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மைக் காட்டினார். கம்பெனி உயரத்தில் அது உள்ளிருந்து சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்தோ கிட்டத்தட்ட மட்டமாகவோ இருக்கும். என் வண்டியில் அது சக்கரத்தை நோக்கி மேலே ஏறிக்கொண்டு நின்றது. ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஒரே தூணாக நின்று சக்கரத்தைப் பிடிக்கும் மெக்பர்சன் ஸ்ட்ரட் வண்டியில் இது பெரிய கோளாறு. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் பாரத்தின் மையம் இறங்குவதை விட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கூடுகிறது, அதாவது நெம்புகோல் நீளமாகிறது, பாரம் வண்டியைச் சாய்ப்பது இன்னும் சுலபமாகிறது. கூடவே, வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கிடைக்க வேண்டிய கேம்பரும், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் சாய்வும், கிடைக்காமல் போகிறது, டயர் வெளி ஓரத்தில் நின்று தேய்கிறது. சாய்வைக் குறைக்க இறக்கி, அந்தச் சாய்வை அடக்க இன்னும் கடினமான ஸ்ப்ரிங் போட்டு, அந்த ஸ்ப்ரிங்கை அடக்க இன்னும் விலை கூடிய ஷாக் தேடி என்று இது போய்க்கொண்டே இருக்கும்.

ஸ்ப்ரிங் கடினத்துக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, இதைப் போட்டுப் பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது. உங்கள் வண்டி 1,100 கிலோவை ஒட்டி இருக்கும், எஞ்சின் முன்னால் இருப்பதால் பாரத்தில் பெரும்பகுதி முன்பக்கம். நீங்களும் உட்கார்ந்தால், சக்கரம் பிரேக் கணக்கைக் கழித்துவிட்டு, ஒரு முன் ஸ்ப்ரிங் தாங்குவது ஏறக்குறைய 300 கிலோ என்று வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 25 நியூட்டன் கேட்கும் ஸ்ப்ரிங் என்றால் அந்த மூலை ஒரு நொடிக்கு 1.45 தடவை ஆட நினைக்கும். 50 நியூட்டன் என்றால் 2 தடவை, 70 என்றால் 2.4. சாதாரண ரோட்டு வண்டிகள் 1 முதல் 1.5க்குள் இருக்கும். 2க்கு மேல் போவதெல்லாம் மழமழவென்ற ட்ராக்குக்கும் பிசின் மாதிரி ஒட்டும் டயருக்கும். சாதாரண ரோட்டு டயரோடு நீங்கள் 2.4 போட்டால் டயர் தரையை விட்டுத் துள்ளும், துள்ளுகிற டயருக்குப் பிடிப்பு கிடையாது. மலிவான செட்டுகளில் ‘7 கிலோ ஸ்ப்ரிங்’ என்று பெருமையாகப் போட்டிருப்பது இந்த 70 நியூட்டன்தான்.

ஆக, வண்டியை ஒழுங்காக நிற்க வைப்பதில் ஷாக்கின் பங்கு ஸ்ப்ரிங்கை விடப் பெரிது. ஸ்ப்ரிங் எவ்வளவு சாய வேண்டும் என்பதை முடிவு செய்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்ந்து அங்கே நிற்க வேண்டும் என்பதை ஷாக் முடிவு செய்கிறது. ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி படபடவென்று சாய்ந்து, கொஞ்சம் கூடப் போய், திரும்பி வந்து நிற்கிறதே, நீங்கள் ‘ரொம்பச் சாய்கிறது’ என்று சொல்வது அனேகமாக அதைத்தான். எழுபதாயிரம் கிலோமீட்டர் நம் ரோட்டில் ஓடிய ஷாக் கசியாவிட்டாலும் உள்ளே களைத்திருக்கும். பில்ஸ்டீன் பி6 மாதிரி, கம்பெனி ஸ்ப்ரிங்குக்கென்றே செய்த ஒற்றைக் குழாய் ஷாக் போடுங்கள். பி8 வேண்டாம், அது இறக்கிய ஸ்ப்ரிங்குக்காக நீளம் குறைத்தது. கோனி மஞ்சள் ஷாக்கும் நல்லது, அதில் விரியும் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கலாம், நம் வாய்க்கால் பாலத் திமிலில் வண்டி மேலே போய் வரும்போது வேண்டியதும் அதுவேதான். வாங்கும்போது நம் ஊர் வண்டியின் ஸ்ட்ரட்டை நீட்டி அளந்து அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாக் கழற்றும்போதே ஸ்ட்ரட் மவுன்ட், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு மூன்றையும் மாற்றிவிடுங்கள். தனித்தனியாகச் செய்தால் கூலி மூன்று தடவை. லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் தானாகத் திசை மாறும், அப்போது எந்த அலைன்மென்ட்டும் நிற்காது.

இப்போது முன்பக்கம் தள்ளிக்கொண்டு போவதற்கு வருவோம். ட்ராக்கிலிருந்து வந்ததும் இடது முன் டயரைத் தடவிப் பாருங்கள். வலது வளைவுகள் அதிகம் இருந்தால் அந்த டயருக்குத்தான் அடி. என் டயரில் வெளி ஓரத்து இரண்டு விரல் அகலம் மட்டும் சொரசொரவென்று உருண்டு, ஓரத்தில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியையும் தாண்டிப் பக்கச்சுவர் வரை தேய்ந்திருந்தது. உள் பாதியில் புது டயரின் ரப்பர் முடி கூட இரண்டு இடத்தில் மிச்சம் இருந்தது. பாதி டயர் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். இதற்கு மருந்து கேம்பர், இறக்குவது அல்ல. ஸ்விஃப்ட்டில் ஸ்ட்ரட் இரண்டு போல்ட்டில் ஹப்பை (சக்கரம் மாட்டும் பகுதியை) பிடித்திருக்கும், ஒரு போல்ட்டைக் கேம்பர் போல்ட்டாக மாற்றினால் ஒரு டிகிரி கிடைத்துவிடும், செலவும் குறைவு. போலோவில் ஸ்ட்ரட் ஹப்புக்குள் சொருகி ஒரு போல்ட்டால் இறுக்கியிருக்கும், அதனால் அந்த வழி கிடையாது. மேலே மவுன்ட் இருக்கும் இடத்தில் கேம்பர் ப்ளேட் போட வேண்டும். உங்கள் ஷாக்குக்கும் கம்பெனி ஸ்ப்ரிங்குக்கும் பொருந்தும் ப்ளேட்டாகக் கேட்டு வாங்குங்கள், காயில்ஓவர் ஸ்ப்ரிங்குக்கென்று செய்த ப்ளேட் உட்காராது. கேம்பரை மைனஸ் 2 டிகிரியில், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்தபடி, வையுங்கள், டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை) பூஜ்யத்தில் வையுங்கள். மைனஸ் கேம்பர் டயரைத் தின்றுவிடும் என்று அலைன்மென்ட் கடையில் சொல்வார்கள். ரோட்டில் டயரைத் தின்பது பெரும்பாலும் தப்பான டோ, கேம்பர் அவ்வளவு இல்லை. என் வண்டி இரண்டு டிகிரியில்தான் தினமும் ஓடுகிறது. அச்சடித்த அலைன்மென்ட் சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், ‘பச்சைக்குள்ள வந்துடுச்சு சார்’ என்று சொல்வதை ஏற்காதீர்கள், உங்களுக்கு வேண்டிய எண், மெஷின் பச்சையில் காட்டும் கம்பெனி அளவுக்கு வெளியே இருக்கிறது.

டயர் காற்று இன்றைக்கே, காசில்லாமல் செய்யக்கூடியது. காலையில் குளிர்ந்த டயரில் 30 பிஎஸ்ஐ வைத்து இறங்குவேன், ஐந்து லேப் போனதும் 35, 36க்கு வந்துவிடும், பிட்டில் நின்று சூடாக இருக்கும்போதே 34க்கு இறக்குவேன். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் திரும்ப ஏற்றுங்கள். இறக்கிய காற்றோடு நெடுஞ்சாலையில் ஓடுவது ஆபத்து.

பின்பக்கத்துக்குத் தடிமனான ஆன்டி ரோல் பார் (சாய்வைக் குறைக்கும் கம்பி) போட்டால் முன்பக்கத் தள்ளல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், போய்விடும். ஆனால் அதே பார் ஐப்பசி மழையில் திருவாரூர் ரோட்டில், வளைவில் மாடு நிற்பதைப் பார்த்து நீங்கள் ஆக்ஸிலேட்டரை விடும் நொடியில் பின்பக்கத்தை வழுக்கவிடும். வீட்டில் அம்மாவும் குழந்தையும் ஏறுகிற வண்டியில் அதை நான் போட மாட்டேன், உங்களையும் போடச் சொல்ல மாட்டேன்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதைக் கறாராகச் சொன்னது. கம்பெனி உயரத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம், கேம்பர் ப்ளேட் மாட்டும் முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். ட்ராக்கில் அடிபட்டால் சாதாரண கார் இன்ஷூரன்ஸ் வராது, ரேஸும் வேகச் சோதனையும் பாலிசியிலேயே விலக்கப்பட்டிருக்கும்.

ஒரு லட்சத்தில் எதை முதலில் என்றால், முதலில் புது பிரேக் ஆயிலும் நல்ல பேடும், அப்புறம் நான்கு ஷாக்கும் புஷ்ஷும், அப்புறம் கேம்பர் ப்ளேட்டும் அலைன்மென்ட்டும். மிஞ்சியதை அடுத்த செட் டயருக்கு எடுத்து வையுங்கள். அடுத்த ட்ராக் டே முடிந்ததும் வண்டியைக் கழுவுவதற்கு முன் நான்கு டயரின் ஓரத்தையும் வெயிலில் வைத்துக் கிட்டத்தில் படம் எடுத்து, எந்த டயர் எந்தப் பக்கம் என்று எழுதி இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள். அதைப் பார்த்தால் இரண்டு டிகிரி போதுமா, இன்னும் அரை டிகிரி வேண்டுமா என்று சொல்லிவிடலாம்.