பிளாஸ்டிக் காம்பில் மர ரேகை வர என்ன செய்வது?

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். அதில் வரும் கோடாலி, ஷவல் காம்புகளும், மேலே அடுக்க வேண்டிய வெடிமருந்துப் பெட்டிகளும் பிளாஸ்டிக். பழுப்பு பெயிண்ட் அடித்தால் சாக்லேட் மாதிரி இருக்கிறது. மெல்லிய பிரஷ்ஷால் கருப்புக் கோடு போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். நிஜ மரம் போலக் கொண்டுவர முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பழுப்பில் ஆரம்பித்ததுதான் சிக்கல். அமெரிக்கக் கோடாலிக் காம்புக்குப் பெரும்பாலும் ஹிக்கரி மரம், பெட்டிகளுக்குப் பைன் போன்ற மலிவு மரம். இரண்டுமே அறுத்த புதிதில் வெளிர் நிறம்தான். பழுப்பு என்று நம் கண்ணில் படுவது ரேகையும், பின்னால் ஏறிய எண்ணெயும் அழுக்கும்தான். நீங்களும் அதே வரிசையில் போங்கள்: அடியில் வெளிர் நிறம், அதன் மேல் அடிநிறம் தெரியும்படி மெல்லிய கருநிறம்.

கோடு ஏன் எடுபடவில்லை என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். இந்த அளவில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 35 மி.மீ. நீங்கள் போட்ட கோடு 0.2 மி.மீ. தடிமன் என்று வைத்தாலும் நிஜத்தில் 7 மி.மீ. அத்தனை தடித்த கரும்பட்டை எந்தக் கோடாலிக் காம்பிலும் இருக்காது. அதனால் ரேகையை வரையாதீர்கள். பிரஷ்ஷின் மயிரே இழுத்துவிடட்டும்.

முதலில், பிளாஸ்டிக் வழவழப்பாக இருந்தால் 400 நம்பர் உப்புத்தாளை நீளவாக்கில் மட்டும் லேசாக ஓட்டுங்கள். அந்தக் கீறல்கள்தான் பிறகு பெயிண்டைப் பிடித்து வைக்கும். பிறகு பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்கான முதல் பூச்சு), அதற்கு மேல் அக்ரிலிக் அடிநிறம். டாமியா கம்பெனி பெயிண்ட் வைத்திருந்தால் எக்ஸ்எஃப்-57 பஃப் நன்றாக இருக்கும். இல்லையென்றால் வெள்ளையில் யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) கலந்து, துளி பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) சேர்த்தால் அதே குடும்பத்து நிறம் கிடைத்துவிடும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

இனி ஆயில் பெயிண்ட். ஓவியக் கடையில் விற்கும் சாதாரண டியூபே போதும்: பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). இதில் அவசரப்படக்கூடாத ஒரு வேலை உண்டு. பெயிண்டைத் துளி அளவு அட்டைத் துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அட்டை ஆளிவிதை எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால், பெயிண்ட் சீக்கிரம் காயும், பளபளப்பும் குறையும். பிறகு காம்பின் மேல் மிக மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் பொறுத்து, தின்னர் (இங்கே டர்பன்டைன் அல்லது ஒயிட் ஸ்பிரிட், லாக்கர் தின்னர் அல்ல) தொடாத உலர்ந்த தட்டை பிரஷ்ஷால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் பிரஷ்ஷை டிஷ்யூவில் துடைக்க வேண்டும். மயிர் போன வழியில் அடிநிறம் எட்டிப்பார்க்கும், இடையில் கருநிறம் நிற்கும். அதுதான் ரேகை. பிடிக்கவில்லையா, தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் அடிநிறம் இந்தத் தின்னருக்கு அசையாது. ஆயில் பெயிண்டில் எனக்கு அவ்வளவு பிரியம் வரக் காரணமே இந்த மறுவாய்ப்புதான்.

காம்பில் கணு போடாதீர்கள். கணு உள்ள கட்டை அந்த இடத்திலேயே உடையும் என்பதால் அதைக் காம்புக்கு எடுப்பதில்லை. கை பிடிக்கும் இடத்தில் மட்டும் பர்ன்ட் அம்பரைக் கொஞ்சம் கூட்டலாம்.

பெட்டிகளுக்கு முறை இதேதான், ஆனால் பலகை பலகையாகச் செய்ய வேண்டும். ஒரு பலகையின் அடிநிறத்தில் துளி வெள்ளை, அடுத்ததில் துளி ஆக்கர் என்று மாற்றிக்கொண்டே போங்கள். பைன் பலகையில் கணு வரும், ஒரு பெட்டிக்கு ஒன்றிரண்டு புள்ளி போதும். பலரும் கோட்டைவிடுவது குறுக்குச் சட்டத்தில். பலகைக்கு இழுத்த கையோடு சட்டத்தின் மேலும் இழுத்துவிடுவார்கள். சட்டமும் தனி மரத்துண்டு, அதன் ரேகை அதன் நீளவாக்கில்தான் ஓடும். பலகையின் அறுத்த முனையில் நீளக்கோடே வராது. முனை ஈரத்தையும் அழுக்கையும் அதிகம் உறிஞ்சும், ஆகவே அங்கே ஒரு மடங்கு கருமையாகக் குத்திக் குத்தி வையுங்கள். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் பெட்டி பிளாஸ்டிக் என்று சொன்னால்தான் தெரியும்.

வெயிலிலும் மழையிலும் கிடந்த பெட்டி வேண்டுமென்றால் அடிநிறத்திலேயே சாம்பல் கலந்துவிடுங்கள். சூரியனின் புற ஊதாக்கதிர் மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்க, மழை அதைக் கழுவிக்கொண்டு போக, மிஞ்சும் நார் சாம்பல் நிறமாகிவிடுகிறது. இதற்குச் சியன்னா வேண்டாம், ரா அம்பர் பொருத்தம்.

ஆயில் பெயிண்ட் முழுதாகக் காய மூன்று நான்கு நாள் கொடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. எழுத்து டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டுவதானால் முதலில் கிளாஸ் வார்னிஷ், மேலே டெக்கால், கடைசியில் மேட் வார்னிஷ். காம்பின் பிடியில் மட்டும் கொஞ்சம் சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ் விட்டால் கை பட்டுப் பட்டு வழவழப்பான மரம் போல இருக்கும். எல்லாவற்றையும் முதலில் பாகங்களை வெட்டியெடுத்த பின் மிஞ்சும் கிட்டின் ஃபிரேம் குச்சியில் செய்து பாருங்கள். உருண்டையான காம்புக்கு அதைவிட நல்ல ஒத்திகை இல்லை.