சராசரிக்குச் சற்றுக் குறைந்த மதிப்பெண்ணோடு இன்டர்னல் மெடிசின் (பொது உள்மருத்துவம்)

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான ஸ்டெப் 2-வில் 243, ஆராய்ச்சி ஒன்றே ஒன்று, பின்னாளில் கார்டியாலஜி (இதய மருத்துவம்) ஆசை, எந்த ரெசிடென்சிக்கு, அதாவது படிப்பு முடிந்தபின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சிக்கு, விண்ணப்பம் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கல்லூரியில் படிக்கிறீர்கள், இன்டர்னல் மெடிசினில் இடம் நிறையவே இருக்கிறது, பயம் வேண்டாம். எந்த மருத்துவமனைகளில் உங்களுக்கு விருப்பம் அதிகம் என்று விண்ணப்பத்தில் காட்ட 3 தங்க சிக்னல், 12 வெள்ளி சிக்னல் தருகிறார்கள் இல்லையா, தங்கம் மூன்றையும் பெரிய பெயர்களுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒன்றை உங்கள் கல்லூரி மருத்துவமனைக்கே வையுங்கள், வார்டில் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கார்டியாலஜி ஃபெலோஷிப், அதாவது ரெசிடென்சிக்கு அடுத்த பயிற்சி, அதே மருத்துவமனையில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்புறம், இராத்திரி ஐ.சி.யூ.வில் சென்ட்ரல் லைன் (பெரிய சிரையில் செருகும் குழாய்) போடுவது யார் என்று அங்கே பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட்களிடம் தனியாகக் கேளுங்கள். நான் கேட்டபோது ஓரிடத்தில் இருவர் பதில் சொல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அந்த இடத்தை, கடைசியில் கொடுக்கும் விருப்ப வரிசைப் பட்டியலில் கீழே இறக்கிவிட்டேன். கிடைக்குமா கிடைக்காதா என்று கணக்குப் போடாமல், உங்களுக்குப் பிடித்த வரிசையிலேயே அந்தப் பட்டியலைக் கொடுங்கள்.