மாலை கழன்றதும் லாட்டரி

கேள்வி: பாவூர்சத்திரத்திலிருந்து புனலூருக்குத் தினமும் காய்கறி லோடு அடிக்கிறேன். ஆரியங்காவில் டீக்கு நிறுத்தும்போது கேரளா லாட்டரி ரெண்டு சீட்டு, நூறு ரூபாய்க்கு எடுப்பது பல வருஷப் பழக்கம். கார்த்திகையில் மாலை போட்டால் 41 நாள் தொடமாட்டேன். வெளியே கை நனைக்காமல், பிளாஸ்க்கில் சுக்குக் காப்பியோடு ஓடிவிடுவேன். மாலையைக் கழற்றிய மறுநாளே பழையபடி. போன வாரம் ஒரே நம்பரில் 5000 ரூபாய் தப்பிவிட்டது. எனக்கு மனஉறுதியே இல்லையா?
- பெயர் வேண்டாம், புளியரை

பதில்: மனஉறுதி இல்லாத ஆளா மார்கழிக் குளிரில் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்தீர்கள்? விடையை நீங்களே எழுதிவிட்டு, லோடு அவசரத்தில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பிளாஸ்க்!

விரத நாட்களில் உங்கள் வண்டி அந்தக் கடையில் நிற்கவே இல்லை. பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் சீட்டும் இல்லை. மாலை கழன்றது, பிளாஸ்க் பரணுக்குப் போனது, வண்டி பழைய இடத்தில் ஓரங்கட்டியது. அந்தக் கடையில் டீயும் சீட்டும் ஒரே பழக்கம். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விடப் பார்க்கிறீர்கள்.

அப்புறம், அந்த 'ஒரே நம்பர்'. 7348 விழுந்து, உங்களிடம் 7347 இருந்தால் நெருங்கிவிட்டதாக மனசு துள்ளும். 0012 வைத்திருந்தவருக்கும் உங்களுக்கும் ஒரே கதிதான். எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்துகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் கூண்டு வைத்தே காட்டினார். தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்தும் நம்மூர் ஆட்கள் மலையேறிப் போய் வாங்குவது இந்தத் துள்ளலுக்குத்தான்.

41 நாளில் பழக்கம் செத்துவிடும் என்று நினைத்தீர்களோ? லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், புதுப் பழக்கம் ஒன்று யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கண்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. அதனால் என்றைக்காவது சறுக்கிவிட்டால், 'போச்சு, இனி என்ன' என்று மறுநாளும் போய் நிற்காதீர்கள்.

டீயை எல்லைக்கு இந்தப் பக்கம், புளியரையிலேயே முடித்துவிடுங்கள். வழியில் வேறு லாட்டரிக்கடை இல்லையா என்பீர்கள். ஏராளம் உண்டு. ஆனால் அங்கே உங்கள் தலையைப் பார்த்ததும் சீட்டை எடுத்து நீட்டும் ஆள் கிடையாது. அந்த நூறு ரூபாயைக் கிளம்பும்போதே வீட்டில் கொடுத்துவிடுங்கள். மாதம் 26 நடை என்றால் 2600 ரூபாய், வருஷத்துக்கு 31,200. எந்தக் குலுக்கலும் இல்லாமல் விழுகிற பரிசு.

இன்னொரு சத்தியம் மட்டும் வேண்டாம், சாமிக்கும் அலுத்திருக்கும். பரணிலிருந்து பிளாஸ்க்கை இறக்குங்கள். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து போயிருக்கும், அதை மாற்றிவிடுங்கள்.